நெற்றியில் வைத்த சவரன்

14-2-83, திங்கள்

காலையில் கடும் பனி. எதிரே சைக்கிள் கடைப் பலகை வெகுநேரம் தெரியவில்லை.

வேலைகள்: இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாம் டைப்ரைட்டிங் மெஷினுக்கு ரிப்பன். 'ழ' விசை ஒட்டுகிறது, எண்ணெய். லோயர் பரீட்சைக்காரர்களில் சிலர் இன்னும் போட்டோ தரவில்லை. கேட்டால் 'நாளைக்கு சார்'. இந்த 'நாளைக்கு சார்' கேட்டே எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து.

முகாமில் கண் ஆபரேஷன் முடிந்து அப்பா இங்கே பெரம்பலூருக்கு வந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு, தன் தகரப் பெட்டி எங்கே என்று. ஊரிலிருந்து சித்தப்பா மகன் இன்று கொண்டுவந்து போட்டான். திறந்து வெயிலில் உலர்த்தினேன். இரண்டு வேட்டி, பாக்குவெட்டி, ரேஷன் கார்டு, என் எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ. அடியில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் ஒரு காசு.

எடுத்ததுமே தெரிந்துவிட்டது, அதுதான் இது. கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தின் கெட்ட பெயர் மொத்தமும் இந்தச் சின்ன வட்டத்துக்குள்.

அப்பா கட்டிலில் படுத்தபடியே: "எடுத்துட்டியா? தங்கம்டா அது. பத்திரமா வையி."

கண்ணை மறைத்துப் பச்சைத் துணி கட்டியிருக்கிறது. எந்த முகத்தோடு சொன்னார் என்று பார்க்க முடியவில்லை.

15-2-83, செவ்வாய்

பனி குறைவு. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. வீட்டுக்காரர் ஆளுக்கு இத்தனை குடம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

மனைவி வசந்தாவுக்குக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். இன்று முழுக்கச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்குப் புத்தி ஓடும்.

கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் ஊர். குடும்பத்துக்குச் சுடுகாட்டு வேலை. தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், நான் பார்க்கவில்லை. செத்தவர் நெற்றியில் வீட்டார் ஒரு காசு ஒட்டி அனுப்புவார்கள். எரிக்கிறவருக்கு அது சேரும். காலணா, அரையணா, எப்போதாவது வெள்ளி ரூபாய். பெரிய வீட்டு ஐயா செத்தபோது (நான் பிறப்பதற்கு முன்) மூத்த மகன் அம்மாவின் காசுமாலையிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஊரே பார்க்க, அப்பன் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒட்டினாராம். ராணி தலை போட்ட சவரன். வெட்டியானுக்குச் சவரன் கொடுத்த வீடு என்று அன்றைக்கு முழுக்க அதே பேச்சு.

சவரன் என்ன விலை போகும் என்று கேட்க அப்பா அதை ஒரு நகைப் பத்தரிடம் எடுத்துப் போயிருக்கிறார். பத்தர் உரசிப் பார்த்துவிட்டு, செம்பு, மேலே முலாம் என்றார். அவ்வளவுதான். பேச்சு ஊருக்குள் ஓடியது: பெரிய வீட்டில் பெற்ற அப்பனுக்குச் செம்புக் காசு வைத்து அனுப்பினார்கள். மாலையில் ஆள் வந்தது. 'நாங்கள் வைத்தது தங்கம், நீ மாற்றிவிட்டாய்.' புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். அப்பாவின் இடது தோள் இன்றைக்கும் மேலே தூக்க வராது. கடைசியில் காசை அவர் முகத்திலேயே விட்டெறிந்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு காசுமாத்தி வீடு. பள்ளிக்கூடத்தில் நான் காசுமாத்தி மகன்.

அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான். "அந்தப் பத்தன் செம்புன்னு சொல்லி அடிமாட்டு வெலைக்கு அமுக்கப் பாத்தான். நான் குடுக்கல. அதுல வந்த வென அது."

வேறு யாரிடமும் ஏன் காட்டவில்லை என்று இன்று கேட்டேன். "நம்ம கையில சவரனப் பாத்தா போலீஸக் கூப்புடுவான். நீ எடுத்துட்டுப் போ. நீ சட்ட போட்டவன். யார்கிட்ட வேணாலும் காட்டு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
தங்கம் என்றால்: பத்தர் பொய் சொன்னார். அப்பா சுத்தம்.
செம்பு என்றால்: பெரிய வீடு ஏமாற்றியது. இல்லையென்றால்.

'இல்லையென்றால்' என்பதற்கு மேல் எழுத வரவில்லை.

17-2-83, வியாழன்

வெயில். மூன்றாம் மெஷின் சரியாகிவிட்டது. போட்டோ ஒன்று வந்தது, கழுத்தே இல்லாமல். திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் கடைவீதி அடகுக்கடை. கடைக்காரர் காசைப் புரட்டிப் பார்த்தார். உரசவில்லை.

"எங்க கெடச்சுது?"

"அப்பாவோடது."

"அப்பா என்னா பண்றாரு?"

"விவசாயம்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. பெரம்பலூரில் ஊர் கேட்பார்கள், சொல்வேன். தெரு கேட்பார்கள், பேச்சை மாற்றுவேன். பழகிப்போனது.

இன்றைக்குச் சவரன் விற்கிற விலையில் பாதிக்கும் கீழே ஒரு விலை சொன்னார். விற்பதற்கு இல்லை, அசலா போலியா என்று தெரிந்தால் போதும் என்றேன். "விக்கிறதுன்னா ஒரசிப் பாக்குறேன். சும்மா பாக்குறதுக்கு இது என்னா பொருட்காட்சியா?" அதற்குள் காசு அவர் மேஜை டிராயருக்குள் பாதி போயிருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

போலி என்று தெரிந்தால் அந்த விலை கொடுப்பாரா? அசல் என்று தெரிந்தால் அந்த விலை சொல்வாரா? யோசித்து யோசித்து டிக்டேஷன் கொடுக்கும்போது ஒரு வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள்.

மாலை தபால் ஆபீஸ். நண்பர் கோபால் தபால்தலை சேர்ப்பவர். மெட்ராஸிலிருந்து வரவழைத்த பழங்காசு விலைப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார். புரட்டினால் தலை சுற்றுகிறது. ஒரு காசுக்கு ஒரு வீடு வாங்கலாம் போல. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: இவை நாங்கள் விற்கும் விலைகள், வாங்கும் விலைகள் அல்ல. கோபால் சிரித்தார். "அதுக்குத்தான் ராசேந்திரன், வாங்குறவன்கிட்டயும் கேக்கக் கூடாது, விக்கிறவன்கிட்டயும் கேக்கக் கூடாது. வாங்காம விக்காம சும்மா வச்சிருக்கானே பைத்தியக்காரன், அவன்கிட்ட கேக்கணும்."

அப்படி ஒரு பைத்தியம் ஏலாக்குறிச்சியில் இருக்கிறதாம். ரிடையர்ட் டிராயிங் மாஸ்டர், சவரிமுத்து சார். ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

19-2-83, சனி

ரிப்பன் வாங்க அரியலூர். பஸ் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. சட்டை காலர் சாம்பல் நிறம்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பத்தர். தெரியாத ஆள், வயதானவர். வாங்கவும் வேண்டாம் விற்கவும் வேண்டாம், கூலி தருகிறேன், பார்த்துச் சொன்னால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். உரைகல்லில் இழுத்தார். மஞ்சள் கோடு. மனசு ஒரு நிமிஷம் துள்ளியது. காசின் விளிம்பில் பழைய அரத்தடம் ஒன்று இருக்கிறது, அந்த இடத்தைத் திருப்பி இன்னொரு தடவை இழுத்தார். திராவகம் ஒரு சொட்டு. இரண்டாவது கோடு பச்சையாகப் பொங்கி, அப்படியே காணாமல் போனது.

"செம்புங்க. முலாம் நல்லாப் போட்டிருக்கான், அதான் இத்தன நாளு நிக்குது."

விளிம்பில் தெரியும் சிவப்பு சந்தனக் கறை என்று அப்பா சொல்லுவார். சவரனில் கொஞ்சம் செம்பு கலந்துதான் அடிப்பார்கள் என்றும் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. அதனாலேயே நம்ப வேண்டியிருக்கிறது. ரிப்பனைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா: "என்னாடா சொன்னாங்க?"

"ரிப்பன் கிடைக்கல" என்றேன்.

20-2-83, ஞாயிறு

ஏலாக்குறிச்சி. கீழப்பழுவூரில் பஸ் நின்றபோது எங்கள் ஊர்க்காரர் யாராவது ஏறுவார்களோ என்று குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, யாரும் ஏறவில்லை. மாதா கோயிலில் தவக்கால முதல் ஞாயிறு, வெளியூர்க் கூட்டம். பூசை முடிந்து சவரிமுத்து சார் வரும்வரை அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

மெலிந்த மனிதர். பேசிக்கொண்டே இருக்கிறார். காசுகளைத் தீப்பெட்டிகளில் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றின் மேலும் சின்ன எழுத்து. எனக்குக் காப்பி கொடுத்தார், தான் குடிக்கவில்லை, விரதம். இடையில் சொன்னார், தானே இரண்டு தடவை போலிக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவராம். அவற்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

இவரும் கேட்டார். "எங்கிருந்து கெடச்சுது?"

அப்பாவுடையது என்றேன்.

"அது பத்தாது சார். காசு கைமாறி வந்த வழி தெரிஞ்சாத்தான் பாதி விஷயம் தெரியும்."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். சுடுகாடு, பெரிய வீடு, புளியமரம், எல்லாம். முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் உள்ளே திரும்பி, "மேரி, அந்தச் சவரனக் கொண்டா" என்றார்.

அவர் மனைவி மாதாவுக்கு நேர்ந்து துணியில் முடிந்து வைத்திருந்த சவரனை அவிழ்த்துக் கொண்டுவந்தார். பொன் நிறுக்கும் சின்னத் தராசு. ஒரு தட்டில் அது, மறுதட்டில் எங்களுடையது. எங்கள் தட்டு மேலே போய் நின்றது. அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லை.

இரண்டையும் என் உள்ளங்கைகளில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டாலே தெரிகிறது. தங்கம் அப்படிக் கனக்கிறது. அப்பா அதற்கு முன் தங்கத்தைத் தொட்டதே இல்லை. கனம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

லென்ஸ் வைத்துக் காட்டினார்:
1. மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு. வளையம் இருந்து உடைந்தது. மாலையில் கோத்துத் தொங்கிய காசு.
2. ராணியின் கழுத்தில் மரு மாதிரி ஒரு புடைப்பு. அசலில் கிடையாது. வார்த்த அச்சில் இருந்த குறை.

"ஒரே அச்சுல வார்த்ததுன்னா எல்லாத்துலயும் அந்த மரு இருக்கும் சார். இதுங்கூடப் பொறந்தது எங்கயாச்சும் இருந்தா அதப் பாருங்க. அந்த வூட்டு மாலையில இருக்க காசுலயும் மரு இருந்தா, இது அங்கேர்ந்துதான் வந்துச்சு. இல்லன்னா…"

அவரும் அங்கேயே நிறுத்தினார்.

என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

22-2-83, செவ்வாய்

புழுக்கம். நேற்று எழுதவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். ஒரு பெண் அழுதுவிட்டாள். நாளைக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மனசில் ஓடுவதை எழுதினால் அசிங்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

முதல் மெஷின் வாங்கும்போது அப்பா முன்பணம் கொண்டுவந்து கொடுத்தார். ஆடு விற்றேன் என்றார். அத்தனை ஆடு எங்களிடம் எப்போது இருந்தது? அதற்கு முன் அரியலூரில் ஹாஸ்டல். துணி, புத்தகம். கூலி வேலையும் சுடுகாட்டு வேலையும் பார்த்த மனிதர். அன்றைக்கு நெற்றியில் இருந்தது அசல் சவரனாகவே இருந்து, இந்தச் செம்பு பின்னால் வந்ததாக இருந்தால்? அப்படியே எடுத்திருந்தால்தான் என்ன? எனக்காகத்தானே? எடுத்திருந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சும்மா சொல்கிறேன். கோபித்துக்கொள்வேன். சின்ன வயதில் அந்தப் பெயருக்காக எத்தனை பேரோடு சட்டையைப் பிடித்திருக்கிறேன், அதெல்லாம் வீண் என்று ஆகிவிடும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், பெரிய வீட்டு மாலை இப்போது யாரிடம் என்று. "ஐயாவோட எளய மவன் சின்னவரு இல்ல, அவரு சம்சாரத்துகிட்ட. அரியலூர்ல இருக்குது, சிவகாமியம்மா. அவரும் போயிட்டாரு. வூடு நெலம் எல்லாம் மூத்தவங்களோட போச்சு." பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "அங்கல்லாம் போவாத" என்றார்.

ஏன் போகக் கூடாது? அவர் பயப்படுவது அந்த வீட்டுக்கா, நான் பார்க்கப் போவதற்கா?

வசந்தா பாத்திரம் தேய்த்துக்கொண்டே: "நீங்க அந்தக் காச விசாரிக்கல. உங்க அப்பாவ விசாரிக்கிறீங்க." நான் எழுந்து வந்துவிட்டேன்.

27-2-83, ஞாயிறு

அரியலூர். போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

வீடு ஒரு சந்துக்குள். ஓடு போட்ட இரண்டு அறை. சிவகாமியம்மா வாசலில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். விற்பதற்குத்தான் போல, நாலு பாய் நிறைய. வெள்ளைப் புடவை. யார் என்று கேட்டார்.

ஊர்ப் பெயர் சொன்னேன். தெருவும் சொன்னேன். "சடையன் மகன்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ள வாங்க" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். "வாங்க தம்பி. அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு." நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

காசை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "இதுவா" என்றார். நான் மாலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இல்லை, எழுந்து போய் எடுத்து வந்தார். பழைய பட்டுத் துணியில் சுற்றியிருந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். லென்ஸ் எடுத்துப் போகவில்லை. தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு ராணி கழுத்திலும் அந்த மரு. ஒன்று விடாமல். நடுவில் ஒரு வளையத்தின் இடத்தில் நூல் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது.

சுவரில் சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அந்த வீட்டு ஆள் எதிரில் அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

சிவகாமியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குக் கல்யாணம் ஆனது அதுக்கு அப்பறந்தான். இதத்தான் போட்டு அழைச்சாங்க. கொஞ்ச நாள்ல வேர்வ பட்டு கழுத்தெல்லாம் பச்சையாயிடுச்சு. ரவிக்கையெல்லாம் பச்ச. மாமியாகிட்ட காட்டுனேன். அப்பறந்தான் பத்தரக் கூப்புட்டு ஒரசிப் பாத்தாங்க. எல்லாம் செம்பு. மாமனாரு உசுரோட இருக்கையிலயே நல்ல காச ஒவ்வொண்ணா வித்துட்டு, வெளியூர்ல வார்த்து வாங்கியாந்து கோத்து வச்சிருக்காரு. பெத்த புள்ளைங்களுக்கே தெரியாது."

"அப்ப எங்கப்பாவ அடிச்சப்ப…"

"அடிச்சப்ப தெரியாது. நெசமாவே உங்கப்பாதான் மாத்திட்டாருன்னு நெனச்சாங்க. அப்பறம் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்பறம்?"

"தெரிஞ்சப்பறமும் சொல்லல. எப்புடி சொல்லுவாங்க? மாலை செம்புன்னும் சொல்லணுமே." மாலையைத் திரும்ப வாங்கிப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டே: "எங்க வூட்டுக்காரரு அந்தக் கதையச் சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு, வெட்டியான் காசு மாத்துன கத. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். பாகம் பிரிக்கிறப்ப நெலத்த மூத்தவங்க எடுத்துக்கிட்டு மாலைய எனக்குக் குடுத்தாங்க. பெரிய மனசு பண்ணித்தான் குடுத்தாங்க."

சிரிக்கவில்லை, சும்மா சொன்னார்.

ஊரில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல யாருகிட்ட சொல்ல? மரத்துல கட்டுனவங்களும் இல்ல, வேடிக்க பாத்தவங்களும் இல்ல. உங்கப்பா இருக்காருல்ல. அவருகிட்ட வந்து சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்."

வீட்டு முகவரி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து எனக்கே புரியவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. சந்தோஷம். இதைவிடப் பெரிய வார்த்தை தெரியவில்லை.

1-3-83, செவ்வாய்

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மாள் வாயால் கேட்கட்டும். வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல போயி நீங்க சொல்லுங்க. அவங்க சொல்லி என்ன ஆவப் போகுது" என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது. எங்கள் அப்பாவை மரத்தில் கட்டிய வீடு எங்கள் வாசல் தேடி வருவதுதான் விஷயம்.

சவரிமுத்து சாருக்குக் கடிதம் டைப் செய்தேன். மரு இருந்தது என்று ஒரே வரி. நன்றி என்று எழுதக் கூச்சமாக இருந்தது, எழுதினேன்.

அழுத பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல சார்' என்றாள். போட்டோ எல்லாம் வந்துவிட்டது.

5-3-83, சனி

வெயில் ஏறிவிட்டது. நாளை ஞாயிறு. வசந்தாவிடம் சொல்லி ஒரு டம்ளர் செட் வாங்கினேன். வீட்டைக் கழுவச் சொன்னேன். தண்ணீர் இல்லை, துடைத்தோம். அப்பா கேட்டார், யார் வருகிறார்கள் என்று. தெரிந்தவர்கள் என்றேன். நல்ல வேட்டி எடுத்து வைத்தேன்.

6-3-83, ஞாயிறு

வந்தார். மத்தியான பஸ். கையில் ஒரு பொட்டலம் வடாம்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அப்பா, பெரிய வூட்டு சின்னவரு சம்சாரம் வந்திருக்காங்க" என்றேன். சொல்லி முடிக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். தோள் துண்டு கக்கத்துக்குள் போய்விட்டது. கண்ணில் துணி கட்டிக்கொண்டு, குரல் எந்தப் பக்கம் என்று தெரியாமல், சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இடது கை பாதிதான் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டம்ளர் செட் வாங்கிய நான் இதை நினைத்துப் பார்க்கவில்லை.

"ஒக்காருங்க பெரியவரே" என்றார் சிவகாமியம்மா. மூன்று தடவை சொன்னார். அப்பா உட்காரவில்லை. அதனால் அவரும் உட்காரவில்லை. இருவரும் நின்றபடியே.

"அந்தக் காச நீங்க மாத்தல. எங்க வூட்டு மாலையே செம்புதான். எங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லாம இருந்துட்டோம்."

அப்பா: "அப்ப அது தங்கம் இல்லீங்களா?"

"இல்ல பெரியவரே."

"ஐயா நெத்தில வச்சதும் அதானுங்களா?"

"அதான்."

கும்பிட்ட கையை இறக்கினார். பிறகு, "பாவம், ஐயா" என்றார். பிறகு, "சரிங்க."

அந்த அம்மாள் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து வந்திருப்பார். சொல்லவில்லை. வசந்தா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார். நான் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் இருந்தார். எனக்குக் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஏம்ப்பா, அந்த வூட்டு ஆளே வாசலுக்கு வந்து சொல்லுது. சரிங்கன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டியே. சந்தோஷமா இல்லியா ஒனக்கு?"

"என்னா சந்தோஷம்?"

"நீ மாத்தலன்னு தெரிஞ்சிடுச்சில்ல?"

"நான் மாத்தலன்னு எனக்குத் தெரியாதா?"

துணி கட்டிய முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஒனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"